அடிவாரத்து கல்லுப்பாலம்: எல்லாரும் கேக்கற கேள்விங்களும் எனக்குத் தெரிஞ்ச பதிலும்

ஏற்காடு அடிவாரத்துல, குப்பனூர் வழியா மலை ஏறுற பக்கம் எங்க ஊரு. ஊருக்கு முன்னாடி ஒரு ஓடை, அது மேல மூணு கண்ணு வச்ச பழைய கல்லுப்பாலம். பக்கத்துலயே கான்கிரீட்ல புதுப்பாலம் வந்ததுல இருந்து பஸ்ஸு லாரியெல்லாம் அதுல போயிடுது, பழசுல ஆடு மாடும் சாயங்காலம் ஒக்காந்து கத பேசற எங்க ஜமாவும்தான். வர்றவங்க போறவங்க பைக்க நிறுத்தி போட்டோ எடுத்துட்டு என்னத்தையாவது கேப்பாங்க. நான் பாலிடெக்னிக்ல சிவில் படிச்சுட்டு இப்ப சிமெண்ட், டைல்ஸ் கடை வச்சிருக்கறவன், எனக்கும் இதுல கொஞ்சம் கிறுக்கு உண்டு, அதான் ஒரே எடத்துல எழுதி வச்சிடலாம்னு.

பாலத்துக்கு பேரு என்னங்க?

பேரே கெடையாது. ஊருல கண்ணுப்பாலம்னு சொல்லுவோம், பஸ் கண்டக்டருக்கு கல்லுப்பாலம் ஸ்டாப். அவ்ளோதான்.

இதுக்கு எத்தன வயசு இருக்கும்?

கல்வெட்டு ஒன்னும் இல்லீங்க. சென்னை சைதாப்பேட்டையில இதுக்கு நேர் எதிர் கத, 1726ல கோஜா பெட்ரஸ் உஸ்கான்னு ஒரு ஆர்மீனிய வியாபாரி அடையாத்து மேல பாலம் கட்டிக் குடுத்தாரு, அந்தப் பாலம் போயிடுச்சு, கல்வெட்டு மட்டும் மிச்சம். எங்களுக்கு பாலம் இருக்குது, கல்வெட்டு இல்ல. அதனால கல்ல பாத்துத்தான் வயச யோசிக்கணும்.

கிட்டப் போயி பாத்தீங்கன்னா கல்லு ஓரத்துல வரிசையா சின்னச் சின்ன குழி தெரியும், அது ஆப்பு வச்சு சம்மட்டியால அடிச்சு பொளந்த அடையாளம். கம்ப்ரசர் போட்டு டிரில் பண்ணி ஒடச்ச கல்லா இருந்தா அரை பைப்பு மாதிரி நீளமா கோடு விழுந்திருக்கும், இதுல அப்படி ஒரு கோடு கூட கெடையாது. ரெண்டாவது, எணைப்புல இருக்கறது சுண்ணாம்பு. போர்ட்லண்ட் சிமெண்ட்டுக்கு இங்கிலாந்துல பேடண்ட் வாங்கினதே 1824ல, நம்ம நாட்டுல அது பெரிய அளவுல தொழிலா ஆனது 1914ல போர்பந்தர்ல ஃபேக்டரி ஓட ஆரம்பிச்சதுக்கு அப்புறம்தான். ஆனா சுண்ணாம்பு இருக்குதுங்கறதுக்காக மட்டும் 1914க்கு முன்னாடினு அடிச்சு சொல்லிட முடியாது, அதுக்கப்புறமும் ரொம்ப நாளு சுண்ணாம்புலதான் வேல நடந்துச்சு. ஆப்புக் குழியும் அப்படித்தான், கையால கல்லு பொளக்கறது இன்னிக்கும் இருக்குது.

மூணாவது தடயம் அகலம். உள்பக்கம் டேப்பு வச்சு அளந்தா பதினோரு அடி சொச்சம், ஒரு மாட்டு வண்டி தாராளமா போவும், எதிர்ல இன்னொன்னு வந்தா ஒன்னு நின்னுதான் ஆவணும். மோட்டார மனசுல வச்சு கட்டினவங்க இவ்ளோ ஒடுக்கமா கட்ட மாட்டாங்க. சேலம் சீமை கிழக்கிந்திய கம்பெனி கைக்கு வந்தது 1792ல, திப்புவோட போட்ட ஸ்ரீரங்கப்பட்டணம் ஒப்பந்தத்துல. ஆனா கிராமத்து ரோடு, சின்னச் சின்ன பாலம் இதுக்கெல்லாம் தனியா வரி போட்டு காசு ஒதுக்கறதுங்கறது மெட்ராஸ் மாகாணத்துல 1871 உள்ளாட்சி நிதிச் சட்டம், அப்புறம் 1884ல ஜில்லா போர்டு தாலுகா போர்டு கொண்டு வந்த சட்டம், இதுங்களுக்கு அப்புறம்தான் சூடு புடிச்சுது. அதனால என் கணிப்பு 1871க்கும் 1914க்கும் நடுவுல எங்கயோ. எங்க அப்பாரு சின்னப்பையனா மாடு மேய்க்கறப்பவே இத பழைய பாலம்னுதான் சொல்லுவாங்களாம், அது என் கணக்குக்கு ஒத்து வருது. சரியான வருஷம் வேணும்னா சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்துல போர்டு காலத்து ஃபைலுங்கள பொரட்டணும், யாராச்சும் ஆராய்ச்சி பண்ற புள்ளைங்க இருந்தா சொல்லுங்க, டீ செலவு என்னுது.

கம்பி இல்ல, சிமெண்ட் இல்ல, அப்புறம் எப்படிங்க நிக்குது?

இத வாயால சொல்றத விட செஞ்சு காட்டினா சட்டுனு புரியும். ரெண்டு பேரு எதிரெதிரா நின்னு உள்ளங்கையோட உள்ளங்கைய வச்சு ஒருத்தர் மேல ஒருத்தர் சாஞ்சுக்கங்க, காலு மட்டும் தள்ளி இருக்கட்டும். ரெண்டு பேருமே விழணும், ஆனா விழ மாட்டீங்க. இப்ப உங்க ரெண்டு பேரு தோள் மேல ஒரு மூட்டைய வச்சா எங்க வலிக்கும்னு பாருங்க, காலு வெளிப்பக்கமா வழுக்கப் பாக்கும். அந்தக் கால வழுக்க விடாம புடிச்சுக்கற சுவரு இருந்துச்சுன்னா எவ்ளோ மூட்ட வச்சாலும் கை எறுகுமே ஒழிய பிரியாது. வளைவுப்பாலம் அவ்ளோதாங்க. ஒவ்வொரு கல்லும் மேல அகலமாவும் கீழ கொஞ்சம் குறுகலாவும் ஆப்பு மாதிரி செதுக்கி இருப்பாங்க, நடுவுல ஒரு சாவிக்கல்லு, மேல இருந்து எட அமுக்க அமுக்க கல்லுங்க ஒன்னுக்கொன்னு இறுகிக்கும். கரையில மண்ணுக்குள்ள பொதஞ்சு நிக்குதே ரெண்டு பெரிய சுவரு, அதான் கால புடிச்சுக்கறது. அதனால தான் பாலம் பாக்க வர்றவங்க எல்லாம் நடுக்கல்ல அண்ணாந்து பாக்கறப்ப நான் கரைச்சுவர பாருங்கனு சொல்லுவேன், உசுரு அங்கதான் இருக்குது.

கல்லோட கொணம் அப்படி. நல்ல கருங்கல்லு ஒரு சதுர சென்டிமீட்டர்ல ஒரு டன் அமுக்கினாலும் தாங்கும், ஆனா இழுத்தாலோ வளைச்சாலோ அதுல பத்துல ஒரு பங்கு கூட தாங்காது, டப்புனு விட்டுடும். வயல்ல வாய்க்கா மேல பலகைக்கல்ல நெட்டுக்கு போட்டு வச்சிருப்போம்ல, அது ஆறடி ஏழடிக்கு மேல போனா பயம்தான், நடுவுல அடிப்பக்கம் இழுவிசை வந்து விரிசல் விடும். கோயில் மண்டபத்துல தூணுங்க ஏன் அவ்ளோ நெருக்கமா நிக்குதுன்னா இதேதான் காரணம். வளைவுல இழுவிசையே வராத மாதிரி எல்லாத்தையும் அமுக்கமா மாத்திடறாங்க, அதான் சூட்சுமம்.

எந்த வளைவு சரியான வளைவுன்னு கேட்டா, ஒரு பூச்சரத்த ரெண்டு கையில புடிச்சு தொங்க விடுங்க, அது ஒரு வடிவத்துல தொங்கும். அத அப்படியே தலைகீழா கவுத்தா கல்லு நிக்கற வடிவம் வந்துடும். இத 1675ல ராபர்ட் ஹூக்குங்கற விஞ்ஞானி எழுதி வச்சாரு. எங்க பாலம் அந்த வடிவம் கெடையாது, வட்டத்துல ஒரு துண்டு மாதிரி, ஆனா கல்லு நல்லா தடியா இருக்கறதால அந்த பூச்சர கோடு கல்லோட தடிமனுக்கு உள்ளயே ஓடிடுது, ஓடுற வரைக்கும் பாலம் நிக்கும்.

கட்டறப்ப கல்லு விழாம எப்படி நிறுத்தினாங்க?

மொதல்ல மரத்துல வளைவு மாதிரியே சாரம் கட்டுவாங்க, அது மேல ரெண்டு கரையில இருந்தும் ஒரே அளவா கல்ல அடுக்கிட்டே வந்து கடைசியா நடுக்கல்ல எறக்கி அடிச்சு இறுக்கறது. ஒரு பக்கம் மட்டும் வேகமா ஏத்திட்டா சாரமே சாஞ்சுடும். அப்புறம் சாரத்த கொஞ்சம் கொஞ்சமா எறக்கணும், எறக்கறப்ப வளைவு லேசா ஒக்காரும், அந்த நேரத்துல மேஸ்திரிக்கு வயித்துல புளி கரைக்கும். மூணு கண்ணும் ஒரே அளவா இருக்கறதுல ஒரு சிக்கனம் இருக்குது, ஒரே சாரத்த பிரிச்சு அடுத்த கண்ணுக்கு மாட்டலாம். ஆனா ஒரு கண்ண மட்டும் முழுசா முடிச்சு சாரத்த எடுத்துட்டீங்கன்னா அது நடுத்தூண அடுத்த பக்கம் தள்ளும், எதிர்ல தாங்கறதுக்கு ஆளில்ல, அதனால எத எப்ப எறக்கறதுனு பாத்துத்தான் செய்யணும்.

முட்ட வெள்ளக்கரு போட்டு கட்டினாங்களாமே?

வாட்ஸ்அப்ல வர்ற எல்லா பழைய கட்டடத்துக்கும் முட்டைய ஊத்தறாங்க. வெள்ளக்கரு செட்டிநாட்டு வீட்டுச் சுவத்துல பளபளனு பூசற பூச்சுக்கு சரி, ஓடைப்பாலத்துக்கு எவன் கூடை கூடையா முட்ட ஒடைப்பான். கடுக்கா ஊறவச்ச தண்ணியும் வெல்லத்தண்ணியும் சேக்கறது நெசம், நம்ம பக்கம் காரை வேலையில அது வழக்கம்தான். சுண்ணாம்புக் கல்ல காளவாசல்ல போட்டு 900 டிகிரி கிட்ட சூடு காட்டினா அதுல இருக்கற கரியமில வாயு வெளிய போயிடும், அப்புறம் தண்ணி ஊத்தி நீத்தினா புசுபுசுனு பொரிஞ்சு மாவாயிடும், அத மணலோட, சில எடத்துல செங்கல் பொடியோட சேத்து வட்டத்தொட்டியில போட்டு மாட்ட கட்டி கல்லுருளைய சுத்த விட்டு அரைப்பாங்க. வச்சு கட்டினதுக்கு அப்புறம் காத்துல இருக்கற கரியமில வாயுவ மெல்ல மெல்ல இழுத்து திரும்பவும் கல்லாவே மாறிடும், வருஷக்கணக்கா ஆவும். செங்கல் பொடி சேத்தது சுர்க்கி, அது தண்ணிக்குள்ளயும் இறுகும், 1895ல முடிச்ச முல்லைப் பெரியாறு அணையே சுண்ணாம்பு சுர்க்கிதான்.

கல்லு எங்க இருந்து வந்துச்சு?

மேல பாருங்க, அந்த மலைதான். சேர்வராயன் மலை முக்காவாசி சார்னோக்கைட்டுங்கற கல்லு, நீலம் கலந்த கருப்பு, ஒடச்ச எடத்துல எண்ணெ தடவின மாதிரி ஒரு மினுக்கு. பேருக்கு ஒரு வேடிக்கையான காரணம் உண்டு, கல்கத்தாவுல ஜாப் சார்னோக்னு கம்பெனிக்காரன் ஒருத்தனோட சமாதிக்கல்லு இந்த வகைக் கல்லு, அத பாத்துட்டு தாமஸ் ஹாலண்டுங்கற புவியியல்காரர் 1893ல இந்தப் பேர வச்சாரு. அந்தக் கல்லும் மெட்ராஸ் பக்கத்துல இருந்து போனதுதான். நம்ம ஆளுங்களுக்கு எல்லாமே கருங்கல்லு, நானும் அப்படியேதான் சொல்லுவேன்.

சுண்ணாம்புக்கு ஏற்காடு போற வழியில தெரியுதே வெள்ள வெள்ளையா கரடு, அத தோண்டி எடுத்திருப்பாங்கனு நெறைய பேரு நெனைக்கறாங்க. இல்லீங்க, அது மேக்னசைட்டு, வெள்ளக்கல்லு, சூளைக்கும் உலைக்கும் சூடு தாங்கற செங்கல்லு செய்யறதுக்கு போவுது. சுண்ணாம்புக்கு காட்டுல மேட்டுல கெடக்கற சுக்காங்கல்லு போதும், இல்லன்னா சங்ககிரி பக்கம் சுண்ணாம்புக் கல்லே இருக்குது, பின்னாடி சிமெண்ட் ஃபேக்டரி வந்ததும் அத நம்பித்தான்.

வெள்ளைக்காரன் கட்டினதா, நம்மாளுங்க கட்டினதா?

பிளான் யாரு போட்டிருந்தாலும் உளி புடிச்சது யாருனு கேட்டா பதில் ஒன்னுதான். இந்த கேள்வியில ரெண்டு பக்கமும் ஓவரா பேசறாங்க. ஆர்ச் வைக்காம நம்ம முறையிலயே பெரிய பாலம் கட்டினது இருக்குது, ஸ்ரீரங்கப்பட்டணத்துல காவிரி மேல திவான் பூர்ணையா 1804ல கட்டின வெல்லஸ்லி பாலத்த போயி பாருங்க, கல்தூணு, அது மேல போதிகை மாதிரி கல்லு, அது மேல உத்தரக்கல்லுனு அச்சு அசலா கோயில் மண்டபத்த எடுத்துட்டு வந்து ஆத்துல எறக்கின மாதிரி இருக்கும். பேரு மட்டும் கவர்னர் ஜெனரலோடது. அதுக்கு தூணு நெறைய வேணும், தூணு நெறைய இருந்தா வெள்ளத்துக்கு வழி கம்மி. ஆர்ச் வச்சா தூண தள்ளித்தள்ளி வைக்கலாம். திருநெல்வேலியில தாமிரபரணி மேல 1843ல தொறந்த பாலம் ஆர்ச் வச்சது, டிசைன் வெள்ளைக்கார இன்ஜினியரோடது, காசு சுலோசன முதலியாரோடது, பாலம் இன்னிக்கும் அவரு பேருலதான். எங்க ஓடைக்கு எந்த முதலியாரும் வரல, போர்டு காசு, பக்கத்து ஊரு கல்லொடைக்கறவங்க உழைப்பு, அவ்ளோதான் இருக்கும்.

பாலத்துக்கு உசுரு காவு குடுத்தாங்கனு பெரியவங்க சொல்றாங்களே?

எங்க அம்மிச்சியும் சொல்லும். இந்த கத இல்லாத பாலம் தமிழ்நாட்டுல ஒன்னு காட்டுங்க பாக்கலாம். பொழுது சாஞ்சதுக்கு அப்புறம் புள்ளைங்க ஓடைப்பக்கம் போவக்கூடாதுனு கட்டின கததான் அது, நல்லாவே வேல செஞ்சுச்சு, நான் பத்தாவது படிக்கற வரைக்கும் போனதில்ல.

தூணுங்க ஒரு பக்கம் மட்டும் ஏன் கூரா இருக்குது?

அது மேக்கால, மலைப்பக்கம் பாத்த மொகம். வெள்ளம் வர்ற தெசைக்கு நேரா மூக்க வச்சா தண்ணி ரெண்டா பிரிஞ்சு போவும், தட்டையா வச்சா மோதி சுழிச்சு தூணடியில குழி பறிக்கும். மரக்கட்ட, முள்ளு, வாழத்தண்டு எல்லாம் அடிச்சுட்டு வர்றதும் மாட்டாம வழுக்கிட்டு போயிடும். ஒரு குறையும் சொல்லணும், ஆர்ச் பாலத்துல தண்ணி ஏற ஏற கண்ணோட அகலம் குறுகிட்டே வருது, சதுரக் கண்ணுல அந்த பிரச்சன இல்ல, அதனால பெருவெள்ளத்துல மேல்பக்கம் தண்ணி தேங்கி தோட்டத்துக்குள்ள பூந்துடும். புதுப்பாலம் ஏன் வேணும்னு கேட்டவங்க தோட்டம் அந்தப் பக்கம்தான் இருக்குது, அவங்க மேல தப்பு சொல்ல முடியாது.

டிப்பர் லாரி போனா இடிஞ்சுடுமா?

வளைவுக்கு மேல மண்ணும் ஜல்லியும் நெரப்பித்தான் ரோடு போட்டிருக்காங்க, அந்த மண்ணோட எடையே வளைவ இறுக்கிப் புடிச்சு வச்சிருக்குது. அதுக்கு முன்னாடி ஒரு வண்டியோட எட சின்னது. ரயில்வேல போன நூத்தாண்டுக்கும் முந்தின ஆர்ச் பாலங்க மேல இன்னிக்கும் கூட்ஸ் ஓடுது. பயப்படணும்னா நடுவுல வர்ற எடைக்கு இல்ல, கால்வாசி தூரத்துல ஒரு பக்கமா விழற எடைக்கு. அப்ப அந்தப் பக்கம் அமுங்கி எதிர்ப்பக்கம் மேல தூக்கும், நாலு எடத்துல கல்லு கீல் மாதிரி தொறந்துச்சுன்னா கத முடிஞ்சுது. மேல மண்ணு நல்லா இருந்தா அது நடக்கறது கஷ்டம். அதுக்காக எங்க பாலத்துல டிப்பர் விடுங்கனு நான் சொல்லல, யாரும் அத டெஸ்ட் பண்ணி பாக்கல, கைப்பிடிச் சுவத்துல ஒரு இடி இடிச்சாலே போச்சு.

அப்ப பாலம் எதனாலதான் கெடும்?

தண்ணி. மொதல்ல தண்ணி, ரெண்டாவதும் தண்ணி, மூணாவதா என் கடையில விக்கற சரக்கு.

தண்ணி ரெண்டு வழியில வருது. கீழ வெள்ளத்துல தூணடி மண்ண அரிக்கும். இதுல ஒரு ஏமாத்து வேல என்னன்னா, வெள்ளம் உச்சத்துல இருக்கறப்பதான் குழி ஆழமா விழும், தண்ணி வடியறப்ப அதே வெள்ளம் மணலையும் சேத்தையும் கொண்டாந்து குழிய மூடிடும், மறுநாள் போயி பாத்தா ஒன்னுமே நடக்காத மாதிரி சமமா இருக்கும். கடப்பாரைய விட்டு குத்திப் பாத்தாத்தான் பொத பொதனு எறங்கறது தெரியும். கீழ்ப்பக்கம் எவனாச்சும் மணல் அள்ளிட்டான்னா இன்னும் மோசம், ஓடையோட மட்டமே எறங்கி அஸ்திவாரம் அந்தரத்துல நிக்கும்.

இன்னொரு தண்ணி மேல இருந்து. ரோட்டுல பள்ளம் விழுந்தா மழத்தண்ணி உள்ள எறங்கி, மண்ண நனைச்சு, எணைப்புல இருக்கற சுண்ணாம்ப கரைச்சுட்டு அடியில கசியும். கண்ணுக்கு உள்ள அண்ணாந்து பாத்தா வெள்ளையா வழிஞ்சு, சில எடத்துல சின்னச் சின்ன ஊசி மாதிரி தொங்கும் பாருங்க, அது கரைஞ்ச சுண்ணாம்புதான். அத பாத்துட்டு கொஞ்ச வருஷம் முன்னாடி ஒரு காண்ட்ராக்டரு வந்து, பாலத்த காப்பாத்தறேன்னு, அடிப்பக்கம் எணைப்பெல்லாம் சிமெண்ட்ட வச்சு பூசி அடச்சுட்டு போயிட்டாரு. சிமெண்ட் கொண்டு போனது என் கடையில இருந்துதான், அதயும் சொல்லிடறேன், அப்ப எனக்கும் இவ்ளோ தெரியாது. சுண்ணாம்பு ஈரத்த வெளிய விடும், சின்ன விரிசல் வந்தா தானே கரைஞ்சு தானே படிஞ்சு மூடிக்கும். சிமெண்ட் விடாது. மேல இருந்து தண்ணி எறங்கிட்டே இருக்குது, கீழ வழிய அடச்சாச்சு, உள்ள மண்ணு ஊறி உப்பி பக்கச்சுவர வெளிய தள்ளுது. கீழ்ப்பக்கச் சுவரு இப்ப வயிறு தள்ளின மாதிரி இருக்குதே, அதுக்கு முன்னாடி அப்படி இல்ல, என்கிட்ட பழைய கல்யாண போட்டோ இருக்குது, சுவரு நேரா இருக்கும்.

செய்ய வேண்டியது தலைகீழ் வரிசைங்க. மொதல்ல மேல ரோட்டு பள்ளத்த மூடி தண்ணிய ரெண்டு பக்கமும் வழிய விடணும், அப்புறம் ஓடையில அடச்சு கெடக்கற முள்ளு மண்ண அள்ளணும், தூணடிக்கு பெரிய கல்லா போட்டு காபந்து பண்ணணும், கடைசியாத்தான் எணைப்ப சுரண்டி சுண்ணாம்பு வைக்கறது. நாம எப்பவும் பூச்சுல இருந்துதான் ஆரம்பிப்போம், ஏன்னா போட்டோவுல தெரியறது அதான்.

நடுத்தூண்ல மொளச்ச அரச மரத்த ஏன் வெட்ட மாட்டேங்கறீங்க?

சாமி மரம்னு ஊருல கை வைக்க விடல, இப்ப வேரு கல்லுக்கு நடுவுல பூந்து ரெண்டு கல்ல ஒரு விரல் தள்ளிடுச்சு. புடுங்கினா கல்லும் சேந்து வரும். செடியா விரல் நீளம் இருக்கறப்பவே புடுங்கியிருக்கணும். இப்ப மேல வெட்டிட்டு வேர அங்கயே சாக வச்சு, செத்ததுக்கு அப்புறம் மெதுவா எடுத்து சுண்ணாம்பு அடைக்கறதுதான் வழி. பூசாரிகிட்ட பேசிட்டு இருக்கோம், வேற எடத்துல ஒரு போத்து நட்டுட்டு இத எடுக்கலாம்னு பாதி எறங்கி வந்திருக்காரு.

இத பாதுகாக்கப்பட்ட சின்னமா அறிவிக்க முடியாதா?

மத்திய தொல்லியல் சட்டம் 1958ஓடது, நூறு வருஷம் ஆன கட்டடத்த அதுல சேக்கலாம், மாநிலத்துக்கும் 1966ல தனிச் சட்டம் இருக்குது. ஆனா வயசாச்சுங்கறதால தானா பாதுகாப்பு வந்துடாது, அரசு அறிவிப்பு வரணும். மத்திய லிஸ்ட்ல சேந்துட்டா சுத்தி 100 மீட்டருக்குள்ள புதுசா கட்ட முடியாது, அதுக்கப்புறம் 200 மீட்டருக்கு அனுமதி வாங்கணும், பக்கத்துல காடு தோட்டம் வச்சிருக்கறவங்க இதுக்கு ஒத்துக்கவே மாட்டாங்க. எனக்கும் அது வேணாம்னுதான் தோணுது. கிராமசபை கூட்டத்துல, ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 இதுல ஏதாவது ஒன்னுல, பாலத்த இடிக்கக்கூடாது, வருஷம் ஒருக்கா ஓடைய தூர்வாரணும்னு ஒரு தீர்மானம் போட்டு மினிட்ஸ் நோட்டுல ஏத்திட்டா, கல்லுக்காக யாராவது ஜேசிபி கொண்டாந்தா காட்டறதுக்கு கையில ஒரு பேப்பர் இருக்கும். அதுக்குத்தான் இப்ப கையெழுத்து வாங்கிட்டு இருக்கோம்.

நேர்ல வந்து பாக்கலாமா?

வாங்க, கேட்டு கெடையாது டிக்கெட்டு கெடையாது. மாசி பங்குனியில வந்தா ஓடை காஞ்சிருக்கும், கண்ணுக்குள்ள எறங்கி ஆப்புக் குழிய தடவிப் பாக்கலாம், பாம்பு இருக்கும் தரையில ஒரு தட்டு தட்டிட்டு போங்க. ஐப்பசி கார்த்திகையில மட்டும் கீழ எறங்காதீங்க, இங்க வெயில் அடிச்சுட்டு இருக்கும், மேல மலையில கொட்டிட்டு இருக்கும், சத்தம் கேட்டு திரும்பறதுக்குள்ள தண்ணி வந்துடும். கைப்பிடிச் சுவத்து மேல தாராளமா ஒக்காரலாம், மூணாவது கண்ணுக்கு மேல கடைசிக் கல்லு ஒன்னு லேசா ஆடும், அதுல மட்டும் வேணாம், ஆடறது ஒரு காரணம், சாயங்காலம் அஞ்சு மணிக்கு எங்க ஊரு பெருசு ஒருத்தரு வந்து அங்கதான் ஒக்காருவாரு, எந்திரிக்க சொல்லிடுவாரு.